நோவால் தோட்டத்து ஒயின்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

சென்ற இதழில், போர்ச்சுகல் நாட்டின் டோரோ பள்ளத்தாக்கில் பின்யாவ் ஊருக்கு மேலே அமைந்திருக்கும் கிண்டா டோ நோவால் என்னும் ஒயின் பண்ணையின் ஆறு ஒயின்களைச் சுவைத்து, ஒவ்வொன்றுக்கும் இருபதுக்கு இத்தனை என்று மதிப்பெண் இட்டு எழுதியிருந்தேன். படிக்காதவர்களுக்காக அந்த மதிப்பெண்களை மீண்டும் தருகிறேன். இனிப்பில்லாத சிவப்பு ஒயின்களில் செட்ரோ டோ நோவாலுக்கு 14.5, பண்ணையின் பெயரையே தாங்கிய நோவால் சிவப்புக்கு 16.5. ஸ்பிரிட் சேர்த்த போர்ட் ஒயின்களில் நோவால் பிளாக்கிற்கு 14, வடிகட்டாத எல்.பி.வி. (தாமதமாகப் பாட்டிலில் அடைத்த விண்டேஜ்) போர்ட்டுக்கு 17, மரப்பீப்பாயில் முற்றிய இருபதாண்டு டானிக்கு 18, ஒரே நல்ல ஆண்டின் அறுவடையில் செய்த விண்டேஜ் போர்ட்டுக்கு 17.5. இது குறித்து வந்த கடிதங்களில் ஒரே கேள்வியைப் பலரும் கேட்டிருந்ததால், அவற்றைச் சேர்த்துச் சில கேள்விகளாக்கிப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: சிவப்பு ஒயினும் போர்ட் ஒயினும் ஒரே மலைச்சரிவில் விளையும் ஒரே திராட்சை வகைகளிலிருந்து வருகின்றன என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் ஒன்று துவர்ப்பாகவும் மற்றொன்று பாகுபோல இனிப்பாகவும் இருப்பது எப்படி? போர்ட்டில் சர்க்கரை சேர்க்கிறார்களா? – வாசகர், திருச்சி

பதில்: சர்க்கரை சேர்ப்பதில்லை, பழத்திலேயே இருந்த சர்க்கரையை மிச்சம் பிடிக்கிறார்கள். திராட்சைச் சாறு நொதிக்கும்போது ஈஸ்ட் அதிலுள்ள சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக மாற்றுகிறது. சிவப்பு ஒயினில் சர்க்கரை ஏறக்குறைய முழுவதும் தீரும்வரை நொதிக்க விட்டுவிடுவார்கள். ஆகவே இனிப்பு மறைந்து, சுமார் 14 சதவீத ஆல்கஹால் மிஞ்சுகிறது. போர்ட்டில் அப்படியல்ல. இரண்டு மூன்று நாள்களுக்குள்ளேயே, சர்க்கரையில் பாதியளவு இன்னும் நொதிக்காமல் இருக்கும்போது, 77 சதவீத ஆல்கஹால் உள்ள நிறமற்ற திராட்சை ஸ்பிரிட்டை, நான்கு பங்கு சாற்றுக்கு ஒரு பங்கு என்ற கணக்கில் ஊற்றிவிடுகிறார்கள். அந்த உக்கிரத்தில் ஈஸ்ட் மடிந்துபோகிறது, நொதித்தல் நின்றுவிடுகிறது. லிட்டருக்குச் சுமார் 100 கிராம் சர்க்கரையும் 20 சதவீதத்தை ஒட்டிய ஆல்கஹாலும் கொண்ட ஒயின் அங்கே பிறக்கிறது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. திராட்சையின் நிறமும் துவர்ப்பும் சாற்றில் இல்லை, தோலில் இருக்கின்றன. சிவப்பு ஒயின் செய்பவருக்குத் தோலை ஊறவைக்க வாரக்கணக்கில் நேரம் கிடைக்கிறது; போர்ட் செய்பவருக்கோ இரண்டு மூன்று நாள்தான். அதற்குள் தோலில் உள்ள அனைத்தையும் கறந்தாக வேண்டும். அதனால்தான் நோவாலில் விண்டேஜ் போர்ட்டுக்கான திராட்சையை இன்றும் கருங்கல் தொட்டிகளில் கொட்டிக் காலால் மிதிக்கிறார்கள். லகார் என்று அவர்கள் அழைக்கும் அந்தத் தொட்டியில், ஆண்களும் பெண்களும் ஒருவர் தோளை ஒருவர் பற்றி வரிசையாக நின்று, முழங்காலுக்கு மேல் வரும் கூழில், ஒருவர் எண்ண மற்றவர்கள் அடியெடுத்து வைக்க, முதல் இரண்டு மணி நேரம் மிக மெதுவாக நடப்பார்கள். அதன் பிறகே இசையோடு அவரவர் விருப்பப்படி ஆட அனுமதி. இயந்திரம் அழுத்தினால் விதை நசுங்கிக் கசப்பு இறங்கிவிடும். பாதத்தின் அடிப்பகுதியோ தோலைப் பிழியும், விதையை விட்டுவிடும். பழைய வழக்கம் என்பதற்காக மட்டும் இதை வைத்திருக்கவில்லை. அது வேலை செய்கிறது என்பதற்காகவே வைத்திருக்கிறார்கள்.

இனிப்பில்லாத சிவப்பு ஒயின் இந்தப் பள்ளத்தாக்கில் ஒப்பளவில் புதிய கதை. போர்ட்டுக்கென 1756-லேயே போர்ச்சுகல் அமைச்சர் மார்க்வெஸ் டி பொம்பால் எல்லை வகுத்த நிலம் இது. இங்கிருந்து உயர்தரச் சிவப்பு ஒயினாகப் பெயர் பெற்ற பார்க்கா வேல்யாவின் முதல் அறுவடை 1952-இல்தான் நடந்தது. 1715-ஆம் ஆண்டு ஆவணங்களிலேயே பெயர் காணப்படும் நோவால், தன் சிவப்பு ஒயினை 2004 அறுவடையிலிருந்துதான் தொடங்கியது. சிவப்பு ஒயின், போர்ட் இரண்டிலும் முதன்மையாக இருப்பவை டூரிகா நாசியோனால், டூரிகா பிராங்கா என்ற உள்ளூர் வகைகள். செட்ரோவில் மட்டும் பிரான்சைச் சேர்ந்த சிரா திராட்சையையும் கலக்கிறார்கள். டோரோ என்ற பெயரில் விற்பதற்கான விதியில் சிராவுக்கு இடமில்லாததால், அந்தப் பாட்டிலில் அப்பெயர் இருக்காது.

கேள்வி: இருபதாண்டு டானிக்கு 18, நோவால் சிவப்புக்கு 16.5 என்றால், டானி சிவப்பைவிடச் சிறந்தது என்று கொள்ளலாமா? – வாசகி, கோயம்புத்தூர்

பதில்: கொள்ளக் கூடாது. இதை நான் சென்ற இதழிலேயே அழுத்தமாகச் சொல்லியிருக்க வேண்டும். ஆறு எண்களையும் ஒரே வரிசையில் அச்சிட்டபோது, அவை ஒரே ஓட்டப்பந்தயத்தின் முடிவுகள் போலத் தோன்றிவிட்டன.

ஒரு வீணைக் கச்சேரிக்கும் ஒரு நாகசுரக் கச்சேரிக்கும் மதிப்பெண் போடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாகசுரம் தூரம் கேட்கிறது என்பதற்காக அதற்குக் கூடுதல் மதிப்பெண் கொடுத்தால் அது நியாயமாகாது. ஸ்பிரிட் சேர்த்த ஒயினும் அப்படித்தான். அதில் சர்க்கரை இருக்கிறது, ஆல்கஹால் அதிகம், மணம் பெருகி வருகிறது. எதன் பக்கத்தில் வைத்தாலும் அது உரக்கப் பேசும். இரண்டையும் அடுத்தடுத்துச் சுவைத்து ஒரே அளவுகோலால் அளந்தால் இனிப்பான ஒயினே பெரும்பாலும் வெல்லும். அந்த வெற்றிக்கு அர்த்தம் கிடையாது.

ஆகவே ஒவ்வொன்றிடமும் தனித்தனிக் கேள்வியைக் கேட்கிறேன். சிவப்பு ஒயினிடம்: பழச்சுவையும் புளிப்பும் துவர்ப்பும் ஒன்றையொன்று தாங்குகின்றனவா, சாப்பாட்டோடு இரண்டாவது கிளாஸ் குடிக்கத் தோன்றுகிறதா? போர்ட்டிடம்: இத்தனை இனிப்பையும் இத்தனை ஆல்கஹாலையும் கட்டிப்போடும் அளவுக்குப் புளிப்பும் துவர்ப்பும் உள்ளனவா, விழுங்கிய பின் தொண்டை எரிகிறதா அல்லது மணம் மட்டும் நிற்கிறதா? நோவால் சிவப்பு 16.5 பெற்றது சிவப்பு ஒயின்களுக்குள். டானி 18 பெற்றது டானிகளுக்குள். செட்ரோவின் 14.5-ஐ நோவால் சிவப்பின் 16.5-ஓடு ஒப்பிடுங்கள், அந்த ஒப்பீட்டுக்கு நான் பொறுப்பேற்கிறேன். பிளாக்கின் 14-ஐ எல்.பி.வி.யின் 17-ஓடு ஒப்பிடுவதும் சரியே, ஏனெனில் இரண்டும் பழச்சுவையை நம்பி நிற்கும் இளைய போர்ட்டுகள்.

இன்னொரு வாசகர், விலை மிக அதிகமான விண்டேஜ் போர்ட் டானியைவிட அரை மதிப்பெண் குறைவாகப் பெற்றது ஏன் என்று கேட்டிருக்கிறார். இரண்டும் வளரும் விதமே வேறு. டானி மரப்பீப்பாய்களில் ஆண்டுக்கணக்கில் காற்றோடு மெல்ல உறவாடி, நிறம் வெளுத்து, முற்றிய பிறகே பாட்டிலுக்கு வருகிறது. அதாவது அது தன் படிப்பை முடித்துவிட்டுத்தான் நம்மிடம் வருகிறது. விண்டேஜ் போர்ட் இரண்டு ஆண்டளவே மரத்தில் இருந்துவிட்டு, வடிகட்டப்படாமல் பாட்டிலில் அடைபடுகிறது. அதன் பிறகு இருபது, முப்பது ஆண்டுகள் அங்கேயே வளர வேண்டும். நாங்கள் திறந்தது பத்து வயதுகூட நிரம்பாத பாட்டில். 17.5 என்பது அன்று கிளாஸில் இருந்ததற்கு நான் கொடுத்த மதிப்பெண். இருபது ஆண்டு கழித்து அதே பாட்டில் 19 வாங்கும் என்று நான் நம்புகிறேன். ஆனால் நம்பிக்கைக்கு மதிப்பெண் போடுவதில்லை என்பது என் வழக்கம்.

கேள்வி: ஒயின் சுவையை விவரிக்கும்போது பிளாக்பெர்ரி, செடார், வயலட் என்று எழுதுகிறார்கள். இவற்றில் எதையும் நான் முகர்ந்ததே இல்லை. தமிழில் இதைச் சொல்ல வழி உண்டா? – வாசகர், திருநெல்வேலி

பதில்: தாராளமாக உண்டு, சில இடங்களில் நமக்கு வசதி அதிகம். ஒயின் உலகம் டானின் என்று தனியே பெயரிட்டு விளக்கும் உணர்வுக்கு, நம் அறுசுவைக் கணக்கில் துவர்ப்பு என்று பெயர் சூட்டி எத்தனையோ காலமாகிவிட்டது. நாவற்பழம் தின்றபின் நாக்கும் கன்னத்தின் உட்புறமும் இழுத்துப் பிடிக்குமே, அதுதான். வாழைப்பூ, பாக்கு, கடுக்காய் என்று துவர்ப்பின் படிகளைக்கூட நம்மால் பிரித்துச் சொல்ல முடியும். செட்ரோவின் துவர்ப்பு நன்கு பழுத்த நாவற்பழத்தோடு நின்றுவிடுகிறது. இளைய விண்டேஜ் போர்ட்டின் துவர்ப்போ கொட்டைப்பாக்கை மென்றது போல. அத்தனை இனிப்புக்குப் பின்னாலும் அது பல்லில் ஒட்டிக்கொண்டு நின்றது.

அந்த இருபதாண்டு டானியை மட்டும் சற்று அருகில் காட்ட விரும்புகிறேன். வெள்ளைத் தாளின் மேல் கிளாஸைச் சாய்த்தால், நடுவில் செங்கல் நிறம்; விளிம்பை நோக்கி வரவர அது தேன் நிறமாக மாறி, கடைசி ஓரத்தில் இளம்பச்சை சாயல்கூடத் தட்டுகிறது. முகர்ந்ததும் வருவது பழ மணம் அல்ல. நெய்யில் வறுத்த முந்திரி, உலர்ந்த அத்தி, ஆரஞ்சுத் தோலை நகத்தால் கீறும்போது தெறிக்கும் நெடி. வாயில் இட்டால் கருப்பட்டிப் பாகு கொதித்து இறங்கும் பதத்தின் மணம் எழுகிறது. ஆனால் பாகின் கனம் இல்லை, ஏனென்றால் அடியில் ஒரு கூர்மையான புளிப்பு ஓடி அதைத் தூக்கிப் பிடிக்கிறது. விழுங்கிய பின் ஒரு நிமிடம் கடந்தும் சுக்கும் முந்திரியும் நாக்கில் இருந்தன. அந்தப் புளிப்புக்குத்தான் நான் 18 கொடுத்தேன். அது இல்லாத டானிகள் இனிப்புத் தண்ணீராகச் சலித்துவிடும்.

ஒரு விளக்கமும் சேர்த்துவிடுகிறேன். இருபதாண்டு என்பது பாட்டிலில் உள்ள ஒவ்வொரு துளியின் வயதும் அல்ல. வெவ்வேறு வயதுள்ள பீப்பாய்களைக் கலந்து, இருபதாண்டு டானிக்குரிய குணம் அதில் இருக்கிறதா என்று டோரோ, போர்ட் ஒயின்களுக்கான அரசு நிறுவனத்தின் சுவைப்பாளர் குழு பார்த்து ஒப்புதல் அளிக்கிறது. ஒருவகையில், பாட்டிலின் மேல் உள்ள அந்த எண்ணே நாக்கால் இடப்பட்ட மதிப்பெண்தான்.

கேள்வி: இந்த மதிப்பெண்களை எந்த அளவுக்கு நம்பலாம்? நிபுணர்களே தடுமாறுகிறார்கள் என்று படித்திருக்கிறேன். – வாசகர், சென்னை

பதில்: நீங்கள் படித்தது உண்மை. 2001-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு ஒன்றில், பிரான்சின் போர்டோ (Bordeaux) பல்கலைக்கழகத்தில் ஒயின் இயல் பயின்ற 54 மாணவர்களிடம், மணமற்ற சாயத்தால் சிவப்பாக்கப்பட்ட வெள்ளை ஒயினைக் கொடுத்தபோது, அவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்கான சொற்களாலேயே விவரித்தார்கள். கலிபோர்னியாவில் சிறிய ஒயின் பண்ணை நடத்திய ராபர்ட் ஹாட்ஜ்சன், அந்த மாநிலத்துக் கண்காட்சிப் போட்டியின் நடுவர்களுக்கு ஒரே பாட்டிலின் ஒயினை அவர்கள் அறியாமல் மூன்று முறை ஊற்றிப் பார்த்தார். 2008-இல் அவர் வெளியிட்ட முடிவின்படி, மூன்று முறையும் ஒரே பதக்கத் தரத்துக்குள் மதிப்பெண் இட்டவர்கள் பத்தில் ஒருவர் அளவுக்கே இருந்தார்கள்.

எனவே எங்களையும் சோதித்துக்கொண்டோம். லிஸ்பனில் வசிக்கும் நண்பர் வீட்டில் நாங்கள் நான்கு பேர் சுவைத்தபோது, பாட்டில்களைத் துணிப்பையில் மூடி எண் ஒட்டியிருந்தோம். சிவப்பு ஒயின் வரிசையில் நோவால் சிவப்பையே இரண்டு எண்களில் ஊற்றும்படி நண்பரின் மனைவியிடம் சொல்லியிருந்தோம். எந்த இரண்டு என்பது அவருக்கு மட்டுமே தெரியும். முதல் முறை நான் இட்டது 16.5, இரண்டாம் முறை 15.5. ஒரு முழு மதிப்பெண் வேறுபாடு. முன்னதாகச் சுவைத்த ஒயினின் நிழல் இரண்டாவதன் மேல் விழுந்திருக்க வேண்டும். அதன் பிறகு இருவேறு மாலைகளில் மீண்டும் சுவைத்து, 16.5 என்றே உறுதி செய்தேன்.

இதனால் மதிப்பெண் வீண் என்று நான் நினைக்கவில்லை. டேவிஸ் நகரிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் 1959-இல் உருவான இருபது மதிப்பெண் முறை, நிறம், மணம், புளிப்பு, துவர்ப்பு என்று தனித்தனியே பார்க்கச் சொல்லி நம்மை அவசரப்படாமல் தடுக்கிறது. அமெரிக்க ஒயின் விமர்சகர் ராபர்ட் பார்க்கர் பரவலாக்கிய நூறு மதிப்பெண் முறை ஐம்பதில்தான் தொடங்குகிறது. அதில் 91-க்கும் 92-க்கும் உள்ள வேறுபாட்டை எந்த நாக்கும் இரண்டு முறை ஒரேபோல் சொல்லாது என்பது என் அனுபவம். என் எண்களைப் படிக்கும்போது இருபுறமும் ஒரு மதிப்பெண் தளர்வு வைத்துக்கொள்ளுங்கள். எண்ணைவிட அதன் கீழ் எழுதிய வரிகளை அதிகம் நம்புங்கள்.

கேள்வி: நோவாலின் நாசியோனால் போர்ட்டை ஏன் சுவைக்கவில்லை? அது ஏன் அத்தனை விலை? – வாசகர், சிங்கப்பூர்

பதில்: விலைதான் காரணம், எங்கள் நால்வர் கைக்கும் எட்டவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பிலோக்செரா என்ற பூச்சி ஐரோப்பாவின் திராட்சை வேர்களை அழித்தபோது, அமெரிக்கக் கொடியின் வேர்க்கட்டையில் உள்ளூர்க் கொடியை ஒட்டுக்கட்டித்தான் தோட்டங்களை மீட்டார்கள். நோவாலில் ஏறத்தாழ 2 ஹெக்டேர் நிலத்தில் மட்டும் ஒட்டுக்கட்டாமல், சொந்த வேரிலேயே கொடிகள் நிற்கின்றன. சொந்த நாட்டு மண்ணில் சொந்த வேர் என்பதால் நாசியோனால். காய்ப்பு மிகக் குறைவு. தோட்டத்தின் மற்றப் பகுதிகள் சிறந்து விளங்கும் ஆண்டில் அது தேறாமல் போவதும் உண்டு.

அதன் புகழ் 1931-ஐச் சேர்ந்தது. 1927 அறுவடையின் பெருஞ்சரக்கு விற்காமல் கிடக்க, உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்துகொள்ள, பெரும்பாலான போர்ட் நிறுவனங்கள் 1931-ஐ விண்டேஜ் ஆண்டாக அறிவிக்கத் துணியவில்லை. நோவால் துணிந்தது. அந்த ஆண்டின் நாசியோனால் இருபதாம் நூற்றாண்டின் மிகச் சிறந்த ஒயின்களுள் ஒன்றாகப் பேசப்படுகிறது. 1981-இல் தீவிபத்தில் பழைய இருப்பையும் பதிவேடுகளையும் இழந்து, 1993-இல் ஆக்ஸா என்ற பிரெஞ்சுக் காப்பீட்டு நிறுவனத்தின் கைக்கு மாறி, கொடிகளைப் பெருமளவில் மறுநடவு செய்து இந்தப் பண்ணை மீண்டெழுந்ததற்கு, அந்தப் பெயரின் மேல் இருந்த மதிப்பும் ஒரு காரணம் என்று கருதுகிறேன்.

கேள்வி: பிரசவித்த பெண்களுக்கு ரத்தம் ஊறப் போர்ட் ஒயின் நல்லது என்று என் பாட்டி சொல்வார். கோவாவில் விற்கும் போர்ட் ஒயினும் இதுவும் ஒன்றா? – வாசகி, நாகர்கோவில்

பதில்: ஒன்றல்ல. டோரோவில் விளைந்து அங்குள்ள விதிகளின்படி செய்ததே போர்ட். கோவாவில் அப்பெயரில் பழகிப்போனது, போர்ச்சுகீசியர் காலத்து நினைவைப் பெயரில் தாங்கிய இனிப்புச் சிவப்பு ஒயின். மருந்து என்ற எண்ணத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பால் கொடுக்கும் தாய்க்கு ஆல்கஹாலால் எந்த நன்மையும் இல்லை. பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023-இல் தெளிவாகவே கூறியிருக்கிறது. நாங்கள் ஆறு ஒயின்களிலும் 30 மில்லி வீதம் ஊற்றினோம். அனைத்தையும் விழுங்கியிருந்தால் சுமார் 32 மில்லி தூய ஆல்கஹால் உள்ளே போயிருக்கும். ஒரு லார்ஜ் பிராந்தியில் இருப்பதைவிட அது அதிகம். அதனால்தான் சுவைப்பவர்கள் பக்கத்தில் ஒரு கிண்ணம் வைத்துத் துப்பிவிடுகிறார்கள். அதில் அநாகரிகம் எதுவும் இல்லை.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து மகன் ஒரு விண்டேஜ் போர்ட்டும் ஒரு டானியும் கொண்டுவந்திருக்கிறான். எப்படி வைத்திருப்பது, எப்படித் திறப்பது? – வாசகர், மதுரை

பதில்: மதுரை வெயிலில் விண்டேஜ் போர்ட்டைப் பல ஆண்டு சேமிக்க எண்ண வேண்டாம், 15 டிகிரியை ஒட்டிய நிலையான குளிர்ச்சி இல்லாவிட்டால் அது வளர்வதற்குப் பதில் வெந்துவிடும். இந்த ஆண்டுக்குள் திறந்துவிடுங்கள். டானியை ஃபிரிட்ஜில் வைத்து, இலேசான குளிர்ச்சியோடு குடிக்கலாம். காற்றுக்கு அது ஏற்கெனவே பழகியது. திறந்த பிறகும் ஒரு மாதம் தாங்கும். விண்டேஜ் இரண்டு மூன்று நாளில் மங்கிவிடும் என்பதால் நான்கைந்து பேர் வரும் நாளாகப் பார்த்துத் திறப்பது நல்லது.

விண்டேஜ் பாட்டிலுக்குள் வண்டல் படிந்திருக்கும். திறப்பதற்கு முந்தைய நாளே பாட்டிலை நிமிர்த்தி வைத்து, வண்டலை அடியில் தங்கவிடுங்கள். பிறகு கழுத்துக்குப் பின்னால் ஒரு விளக்கோ மெழுகுவத்தியோ இருக்கும்படி பிடித்து, சுத்தமான கண்ணாடிக் கூஜாவில், இடையில் நிறுத்தாமல், ஒரே சீராகச் சாய்த்து ஊற்றுங்கள். முதலில் கழுத்து வழியே ஒளி தெளிவாகத் தெரியும். பாட்டில் காலியாகும் தறுவாயில் கறுப்பு நூல் போல ஒரு கோடு கழுத்தை நோக்கி ஊர்ந்து வரும். அந்தக் கணத்தில் கையை நிமிர்த்திவிடுங்கள். அடியில் மிஞ்சும் அரை டம்ளரை வெள்ளைத் துணியில் வடிகட்டிக் கறிக் குழம்பில் சேர்த்துக்கொள்ளலாம். கூஜாவில் இறங்கியதை ஒரு மணி நேரம் அப்படியே விட்டு, பிறகு பரிமாறுங்கள்.